கூழ் பூசையும் வாக்குச் சீட்டும்

டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "எங்கள் கோயில் கூழ் பூசைக்குத் தேர்தல் நேரத்தில் ஒரு வேட்பாளர் வந்து, தீபாராதனை முடிந்த கையோடு மைக்கை வாங்கிப் பேசினார். தென்னாப்பிரிக்கா மதச்சார்பற்ற நாடுதானே? அரசியலில் பிரார்த்தனைக்கும் ஆன்மிகத்துக்கும் என்ன வேலை? இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் இருப்பதுதானே சரி?"

தம்பி, உங்கள் எரிச்சல் எனக்கும் பழக்கமானதுதான். 2016 உள்ளாட்சித் தேர்தல் ஆகஸ்ட் 3-ஆம் தேதி வந்தது. நம் கணக்கில் ஆடி 19. ஆடி பிறந்துவிட்டால் டர்பன் பக்கம் ஒவ்வொரு ஞாயிறும் எங்காவது ஒரு மாரியம்மன் கோயிலில் போரிட்ஜ் பிரேயர், அதாவது கூழ் பூசை இருக்கும். பூசை, விரதம், படையல் எல்லாவற்றையும் 'பிரேயர்' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட்ட ஜனங்கள் நாம். தேர்தலுக்கு முந்தைய ஞாயிறு, சாட்ஸ்வொர்த்தில் எங்கள் கோயிலில் விடியற்காலை 4 மணிக்கே அண்டா அடுப்பேறிவிட்டது. புளிக்க வைத்த சோளமாவுக் கூழ், தொட்டுக்கொள்ளப் பூசணிக்காய், கீரை, கருவாடு. 10 மணி வாக்கில் ஒரு வேட்பாளர் வந்தார். கட்சி டீ-ஷர்ட்டுக்கு மேல் மஞ்சள் சால்வை, கூடவே படம் எடுக்க ஒரு பையன். அகப்பையைக் கேட்டு வாங்கினார், மூன்று பேருக்கு ஊற்றினார், மூன்றும் படமாயிற்று. அப்புறம் மைக். அம்மன் அருளால் நம் வார்டில் தெருவிளக்கு எரியும், குழாயில் தண்ணீர் நிற்காது என்று கால் மணி நேரம் பேசினார். வரிசையில் தூக்குச்சட்டியோடு நின்ற ஓர் ஆயா எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "கூழு ஆறிப்போவுது, அய்யா."

அன்றைக்குக் கமிட்டிச் செயலாளர் நான்தான். மைக்கைத் திரும்ப வாங்கியிருக்க வேண்டியவனும் நான்தான். வாங்கவில்லை. ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

சரி, கேள்விக்கு வருவோம். முதலில் ஒரு திருத்தம். 'மதச்சார்பற்ற நாடு' என்றதும் பிரான்ஸ் மாதிரி ஒன்றை நினைத்துக்கொள்கிறோம். பிரான்ஸின் கீழ் உள்ள ரியூனியன் தீவில் இருக்கும் நம் சொந்தங்களுக்கு அந்தச் சட்டம்தான். 2004 முதல் அங்கே அரசுப் பள்ளிப் பிள்ளைகள் கண்ணை உறுத்தும்படி மத அடையாளம் எதையும் அணிந்து வரக்கூடாது. நம் ஊர்ச் சங்கதி வேறு. நம் 1996 அரசமைப்பின் முகவுரையே ஒரு பிரார்த்தனையோடுதான் முடிகிறது. கடவுள் நம் மக்களைக் காக்க வேண்டும் என்று ஒரு வரி, அதன் பின்னே இன்னும் பல மொழிகளில் இறைவாழ்த்து. தேசிய கீதத்தின் முதல் பகுதி, ஈனோக் சொன்டோங்கா என்ற பள்ளி ஆசிரியர் 1897-ல் எழுதிய தோத்திரப் பாட்டு. இவ்வளவு இருந்தும், அரசமைப்பை நிறைவேற்றிய நாளில் ஆதரவாக 421 வாக்கு, எதிராக 2 வாக்கு. எதிராக விழுந்த அந்த 2-ம் ஆப்பிரிக்கக் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியுடையவை. எவ்வளவு சாமி இருந்தாலும் சிலருக்குப் போதாது.

அதே அரசமைப்பின் 15-ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். அரசு நிறுவனங்களில் மத வழிபாடு நடக்கலாம். ஆனால் அதற்கு விதிமுறை இருக்க வேண்டும், எல்லோருக்கும் நியாயமாக நடக்க வேண்டும், வருவதும் வராததும் அவரவர் விருப்பமாக இருக்க வேண்டும். ஆக, சாமியை வெளியே நிறுத்தவில்லை. உள்ளே வா, ஆனால் நாற்காலியில் உட்காராதே என்கிறது. கேப் டவுனில் நாடாளுமன்றம் கூடும்போது சபாநாயகர் யாருடைய மந்திரத்தையும் சொல்வதில்லை. பிரார்த்தனைக்கோ தியானத்துக்கோ ஒரு கணம் மௌனம் காக்கும்படி உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறார். அவ்வளவுதான். உறுப்பினர்கள் பதவி ஏற்கும்போது கடவுள் பேரால் ஆணையிடலாம், அல்லது உளமார உறுதி கூறலாம். இரண்டுக்கும் ஒரே மதிப்பு.

போகிற போக்கில் இதையும் சொல்லிவிடுகிறேன். 6-ஆம் பிரிவில் தமிழின் பேரும் இருக்கிறது. சமஸ்கிருதம், அரபு, எபிரேயம் மூன்றையும் மத காரியங்களுக்கான மொழிகள் என்று ஒரு வரிசையில் வைத்துவிட்டு, தமிழை மக்கள் புழங்கும் மொழிகளின் வரிசையில் வைத்திருக்கிறார்கள். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இன்றைக்கு மிச்சமிருக்கும் தமிழ் பெரும்பாலும் கோயிலில்தான் என்பது சட்டம் எழுதியவர்களுக்குத் தெரியாது போலிருக்கிறது.

சட்டப் புத்தகத்தில் இருப்பது இது. நடப்பது என்ன? நான் பல வருஷம் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் திங்கட்கிழமை காலைக் கூட்டம் ஜெபத்தோடுதான் தொடங்கும். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் மேலதிகாரி முன்னால் நின்று கண்ணை மூடும்போது நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து வெளியே போக யாருக்கு வரும்? 2022 கணக்கெடுப்புப்படி இந்த நாட்டில் 100-க்கு 85 பேர் கிறிஸ்தவர்கள், இந்துக்கள் 1 பேர். அந்த ஒருவர் எழுந்து போனால் அறை முழுக்கத் திரும்பிப் பார்க்கும். நானும் தலையைக் குனிந்துகொண்டு, ஜெபம் முடிகிறவரை மேசை விளிம்பில் ஒட்டியிருந்த பழைய ஸ்டிக்கரைச் சுரண்டிக்கொண்டிருப்பேன். ஒரு நாள் வழக்கமாக ஜெபிப்பவர் வரவில்லை. இன்றைக்கு நீ செய்யேன் என்றார்கள். எனக்குத் தெரிந்த ஒரு பதிகத்தில் முதல் பாட்டைச் சொல்லி 'திருச்சிற்றம்பலம்' என்று முடித்தேன். பின் வரிசையிலிருந்து ஒரு ஜூலு அம்மா மனசார 'ஆமென்' என்றார். அந்த ஒரு சொல் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. ஆனால் மறு வாரம் பழையபடிதான். 'விருப்பம்' என்பது சம்பளம் கொடுப்பவர் முன்னால் எவ்வளவு மெலிந்துபோகும் என்று அங்கேதான் பார்த்தேன்.

அப்படியென்றால் நீங்கள் சொல்வதுபோலத் தனித்தனியாகவே வைத்துவிடலாமே? முடியாது தம்பி. நம் முன்னோர் இந்த மண்ணில் நடத்திய அரசியலிலிருந்து சாமியைக் கழித்தால் பாதிக் கதை புரியாமலே போகும்.

1906 செப்டம்பர் 11, ஜோகன்னஸ்பர்க், எம்பயர் தியேட்டர். டிரான்ஸ்வாலில் இந்தியர்கள் விரல் ரேகை வைத்துப் பதிவுச் சீட்டு வாங்கி, கேட்டபோதெல்லாம் காட்ட வேண்டும் என்ற சட்ட வரைவை எதிர்த்துக் கூடிய கூட்டம். சுமார் 3,000 பேர். தீர்மானம் எழுதி வந்திருந்தார்கள். சேட் ஹாஜி ஹபீப் என்ற வியாபாரி எழுந்து, இதை வெறும் தீர்மானமாக விடக்கூடாது, கடவுளைச் சாட்சியாக வைத்து ஆணையிட வேண்டும் என்றார். காந்தி இதை எதிர்பார்க்கவில்லை, கொஞ்சம் திகைத்துப்போனார். பிறகு எழுந்து கூட்டத்துக்கு விளக்கினார். கை தூக்கி நிறைவேற்றும் தீர்மானம் வேறு, கடவுள் பேரால் செய்யும் சத்தியம் வேறு. சத்தியத்தை ஒவ்வொருவரும் தனக்காகத்தான் செய்ய முடியும். மற்றவர்கள் எல்லோரும் விட்டுவிட்டாலும் தான் ஒருவனாக நின்று காப்பாற்றுவேன் என்ற துணிவு இருந்தால் மட்டும் செய்யுங்கள், இல்லாவிட்டால் வேண்டாம். அப்புறம்தான் எல்லோரும் எழுந்து நின்று ஆணையிட்டார்கள்.

இதில் எனக்குப் பிடித்தது அந்த எச்சரிக்கைதான். சாமி பேரைச் சொல்லி ஜனங்களைத் தூண்டிவிடும் தலைவர்களைப் பார்த்திருக்கிறோம். சாமி பேரைச் சொல்வதற்கு முன் நன்றாக யோசித்துக்கொள் என்று சொல்லும் தலைவரை எத்தனை பேர் பார்த்திருப்போம்? அந்தச் சத்தியம் அடுத்தவன் கையைக் கட்டவில்லை, செய்தவன் கையைத்தான் கட்டியது. கூட்டத்துக்குத் தலைமை வகித்தவர் அப்துல் கனி, ஆணையிடச் சொன்னவர் ஹாஜி ஹபீப். பின்னால் சிறைக்குப் போனவர்களில் தமிழர்கள் ஏராளம், அவர்களில் பெரும்பாலோர் இந்துக்கள். எந்தக் கடவுள் சாட்சி என்று யாரும் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

இதற்கு நேர் எதிராக 1913 மார்ச் 14. கேப் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சேர்ல், கிறிஸ்தவ முறைப்படி நடந்து முறையாகப் பதிவான திருமணமே செல்லும் என்ற வகையில் ஒரு தீர்ப்பு எழுதினார். மஞ்சள் தாலி கட்டியவளும் நிக்காஹ் முடித்தவளும் ஒரே நாளில் சட்டத்தின் கண்ணில் மனைவி இல்லை என்றாயிற்று. இதுவும் மதம் அரசியலுக்குள் வருவதுதான். ஆனால் இங்கே அது நாற்காலியில் உட்கார்ந்து வருகிறது. காந்தியின் டால்ஸ்டாய் பண்ணையிலிருந்த பெண்கள், அநேகமாக எல்லோரும் தமிழர்கள், அந்த வருஷம் அனுமதியில்லாமல் மாகாண எல்லையைத் தாண்டக் கூடாது என்ற தடையை மீறி நியூகாசிலுக்குப் போய் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களிடம் பேசி வேலைநிறுத்தத்துக்கு வழி செய்தார்கள். ஒப்பந்தக் கூலி முடித்தவர்கள் மேல் போட்ட 3 பவுண்டு வரி ஒரு பக்கம், தாலி ஒரு பக்கம். தில்லையாடி வள்ளியம்மை சிறையிலிருந்து காய்ச்சலோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22-ஆம் தேதி 16 வயதில் இறந்தாள். அந்த வருஷமே வரியும் ஒழிந்தது, நம் திருமணங்களுக்கும் சட்ட மதிப்பு வந்தது.

எங்கள் ஆயா 1946-ல் டர்பன் கேல் தெரு முனைக்குப் போனவர். உம்பிலோ ரோட்டைத் தொடும் அந்தக் காலி மனையில் ஜூன் 13-ஆம் தேதி கூடாரம் போட்டார்கள். இந்தியர்கள் எங்கே நிலம் வாங்கலாம், எங்கே குடியிருக்கலாம் என்று வரையறுத்த 'கெட்டோ சட்டத்தை' மீறத்தான். தலைவர்கள் டாக்டர் மான்ட்டி நாயக்கரும் டாக்டர் யூசுஃப் தாதுவும். தாது கம்யூனிஸ்ட் கட்சிக்காரர். வெள்ளைக்கார இளைஞர் கும்பல் ராத்திரியில் வந்து கூடாரத்தைப் பிய்த்து ஆட்களை அடித்தார்கள். திருப்பி அடிக்கக் கூடாது என்பது கட்டளை. மைக்கேல் ஸ்காட் என்ற ஆங்கிலிக்கன் பாதிரியார் நம் ஆட்களோடு நின்று 3 மாதச் சிறைக்குப் போனார்.

ஆயாவுக்கு அரசியல் சட்டமெல்லாம் தெரியாது. புடவை முந்தானையில் மஞ்சள் துணியில் ஒரு ஷில்லிங்கை முடிந்துகொண்டு போனாராம். "புள்ளைங்க அடி வாங்குதுங்க, கை ஓங்காம இருக்கணுமே, அதுக்கு வேண்டிக்கிட்டேன்" என்பார். நான் சின்னப் பையன், எதிரி தோற்கணும் என்று வேண்டியிருக்கலாமே என்று கேட்டேன். "அத அம்மா பாத்துப்பா. என் புள்ள கைய நான்தான பாக்கணும்" என்றார். பக்கத்தில் ஒரு முஸ்லிம் அம்மா தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருந்ததையும், இன்னும் சில பையன்கள் எந்தச் சாமியையும் கும்பிடாமல் சிகரெட் பிடித்துக்கொண்டு அதே உறுதியோடு உட்கார்ந்திருந்ததையும் சொல்வார். அந்தப் பையன்களுக்கு ஆயா தேத்தண்ணி கொடுத்திருக்கிறார். சாமி கும்பிடாதவன் போராட மாட்டான் என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தத் தேத்தண்ணிதான் ஞாபகம் வரும்.

இதுவரை சொன்னது நமக்கு வசதியான கதை. வசதியில்லாத கதையும் ஒன்று உண்டு. 1838 டிசம்பர் 16, இங்கோமே ஆற்றங்கரை. டச்சு வம்சாவளி வெள்ளையரான ஆப்பிரிக்கானர்களின் முன்னோர் சுமார் 470 பேர் மாட்டுவண்டிகளை வளையமாகக் கட்டிக்கொண்டு ஜூலு படையை எதிர்கொண்டார்கள். போருக்கு முன் அவர்களும் ஒரு சத்தியம் செய்திருந்தார்கள். கடவுள் வெற்றி தந்தால் இந்த நாளைப் புனித நாளாகக் கொண்டாடுவோம், அவருக்கு ஒரு ஆலயம் கட்டுவோம், எங்கள் சந்ததிக்கும் சொல்லி வைப்போம். நம் பாஷையில் சொன்னால் நேர்த்திக்கடன். ஜூலுக்கள் சுமார் 3,000 பேர் செத்தார்கள், ஆறு சிவந்தது. பயந்து நடுங்கிய சிறு கூட்டம் ஒன்று சாமியிடம் வேண்டிக்கொண்டதை நான் குறை சொல்ல மாட்டேன். எங்கள் ஆயாவும் அதைத்தான் செய்தார். கோளாறு பிறகு வந்தது. அந்தச் சத்தியம் அரசாங்க விடுமுறையாயிற்று, பள்ளிப் பாடமாயிற்று, கடவுள் இந்த நிலத்தை எங்களுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார் என்ற பத்திரமாயிற்று. 1948-ல் இனஒதுக்கலைக் கொண்டுவந்த பிரதமர் மலான், டச்சு சீர்திருத்த சபையில் போதகராக இருந்தவர். 1961 குடியரசு அரசமைப்பின் தொடக்கமே எல்லாம் வல்ல கடவுளுக்குப் பணிவுடன் அடங்கி என்பதுதான். அவ்வளவு பணிவாகக் கும்பிட்ட அரசாங்கம்தான் டர்பன் நகராட்சித் தொழிலாளிகளான நம் ஆட்களை மேகசின் பேரக்ஸ் குடியிருப்பிலிருந்து கிளப்பி சாட்ஸ்வொர்த்தில் கொண்டுவந்து கொட்டியது.

ஆகவே, அரசியலில் பிரார்த்தனை நல்லதா கெட்டதா என்று மொத்தமாகக் கேட்டால் எனக்குப் பதில் சொல்லத் தெரியாது. யார் செய்கிறார், எங்கே நின்று செய்கிறார், அது யாரைக் கட்டுகிறது என்றுதான் பார்ப்பேன். அடி வாங்குபவன் தன்னை அடக்கிக்கொள்ளச் செய்யும் வேண்டுதல் அரசியலுக்கு முதுகெலும்பு. அதிகாரத்தில் இருப்பவன் தன் அதிகாரத்துக்கு முத்திரை குத்தச் செய்யும் வேண்டுதல் ஊருக்கு ஆபத்து. ஆட்சி என்பது வேண்டுதல் வேண்டாமை இல்லாமல் இருக்க வேண்டியது. ஆளும் ஆட்கள் அப்படி இருக்க வேண்டியதில்லை. முன்னாள் ஜனாதிபதி ஜேக்கப் ஜூமா பல மேடைகளில், இயேசு திரும்பி வரும்வரை எங்கள் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் கட்சி ஆளும் என்றார். 2024 மே தேர்தலில் அந்தக் கட்சி 40 சதவீதத்துக்கு இறங்கியது. அதற்குள் அவரே வேறு கட்சிக்கு ஓட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

இந்த அளவுகோலுக்குள் அடங்காத ஒருவர் டெஸ்மண்ட் டூட்டு. 1996-ல், இனஒதுக்கல் காலக் கொடுமைகளை விசாரிக்க அமைத்த உண்மை, நல்லிணக்க ஆணையம் விசாரணையைத் தொடங்கியபோது மெழுகுவத்தி ஏற்றி, ஜெபம் செய்து, ஆர்ச்பிஷப்பின் ஊதா அங்கியோடுதான் தலைமை இருக்கையில் அமர்ந்தார். ஆணையம் அரசு உருவாக்கியது, ஆட்களை அழைத்து விசாரிக்கும் அதிகாரமும் பொது மன்னிப்பு வழங்கும் அதிகாரமும் கொண்டது. அதில் ஜெபம் எதற்கு என்று உள்ளேயே கேள்வி எழுந்தது. ஜோகன்னஸ்பர்க் அமர்வில் மௌனம் போதும் என்று பேசி முடிவு செய்து, மௌனமும் காத்தார்கள். டூட்டுவால் முடியவில்லை, ஜெபம் செய்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினார். சட்டப்படி கேட்டால் அவர் செய்தது தவறு என்றுதான் சொல்வேன். பிள்ளையைப் பறிகொடுத்து எதிரே உட்கார்ந்திருந்தவர்களில் அவருடைய கடவுளைக் கும்பிடாதவர்களும் உண்டு. ஆனால் அந்தத் தாய்மார்கள் முன்னால் நான் உட்கார்ந்திருந்தால், சும்மா இருந்திருப்பேனா? நானும் ஏதாவது முணுமுணுத்திருப்பேன். இந்த இடத்தில் என் மனசு இன்னும் ஒரு பக்கமாகச் சாயவில்லை.

நீதிமன்றங்கள் இதில் பொதுவாக நன்றாகவே நடந்துகொண்டிருக்கின்றன. 2007-ல் மூக்குத்தி வழக்கு வந்தது நினைவிருக்கும். டர்பனில் ஓர் அரசுப் பள்ளி, மூக்குத்தி அணிந்து வந்த தென்னிந்திய வம்சாவளி மாணவியைக் கழற்றச் சொன்னது. இது மதத்தில் கட்டாயமா என்பதே கேள்வியாயிற்று. கட்டாயமில்லை, எங்கள் குடும்ப வழக்கம் என்றுதான் அந்தத் தாயும் சொன்னார். கட்டாயமில்லாமல் விரும்பிச் செய்வதற்கும் அதே பாதுகாப்பு உண்டு என்று அரசமைப்பு நீதிமன்றம் மாணவி பக்கம் தீர்ப்பு சொன்னது. 2017-ல் ஜோகன்னஸ்பர்க் உயர் நீதிமன்றம் இன்னொரு பக்கத்தைப் பார்த்தது. ஓர் அரசுப் பள்ளி, நாங்கள் இந்த ஒரு மதத்துப் பள்ளி மட்டுமே என்று தன்னைக் காட்டிக்கொள்ளக் கூடாது என்றது. பிள்ளை மூக்குத்தி போட்டுக்கொள்ளலாம், பள்ளிக்கூடம் போட்டுக்கொள்ளக் கூடாது. எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்.

இப்போது உங்கள் கோயிலுக்கு வருவோம். கோயில் அரசு இடமில்லை. ஆகவே வேட்பாளரைப் பேச விட்டது 15-ஆம் பிரிவை மீறியதாகாது. சட்டத்தைக் காட்டி அவரை இறக்க முடியாது. அது கமிட்டியின் வேலை. வேட்பாளரும் அம்மன் பிள்ளைதான், வரட்டும், கும்பிடட்டும், காப்புக் கட்டிக்கொண்டு விரதம் இருந்தாலும் இருக்கட்டும். அவர் வேண்டிக்கொள்வது அவருக்கும் அம்மனுக்கும் நடுவில். மைக்கைப் பிடித்த உடனே அது வரிசையில் நிற்பவர்கள் பேரில் செய்யும் வேண்டுதலாகிவிடுகிறது. அவர்கள் யாருக்கு ஓட்டுப் போடப்போகிறார்கள் என்று அம்மனுக்கே சொல்ல வேண்டிய அவசியமில்லை.

நான் 2016-ல் ஏன் மைக்கை வாங்கவில்லை என்றால், அன்றைய பந்தலுக்குப் பணம் கொடுத்தவர் அவர். அதை வாங்கிக் கணக்கில் எழுதியவன் நான். பிறகு வந்த கமிட்டிக் கூட்டத்தில் ஒரு விதி போட்டோம். தேர்தல் தேதி அறிவித்த நாளிலிருந்து வாக்குப்பதிவு முடியும்வரை எந்தக் கட்சிக்காரரிடமும் நன்கொடை வாங்குவதில்லை, கட்சி நிறத்தில் துணியோ கொடியோ உள்ளே வரக்கூடாது, மைக் பூசாரியிடமும் ஓதுவாரிடமும் மட்டும். நன்கொடை விதியில்தான் சண்டை வந்தது, மற்ற இரண்டும் சுலபமாகப் போயின. அடுத்த தேர்தலில் பந்தலுக்குக் காசு குறைந்தது. வீட்டுக்கு வீடு தார்ப்பாய் கேட்டு வாங்கிக் கட்டினோம், இரண்டு இடத்தில் ஒழுகியது. உங்கள் கமிட்டியில் நீங்கள் முதலில் பேச வேண்டியது மைக்கைப் பற்றி அல்ல, பந்தல் செலவைப் பற்றி.